4ஜி ரவுட்டர் வழியா பிஎல்சி: பிங் வருது, ஆன்லைன் வருது, டவுன்லோட் மட்டும் பாதியில நிக்குது

பம்ப்ஹவுஸ்_3

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், இனிமே தனியா பார்த்து பிரயோஜனம் இல்லன்னு தான் இங்க கேக்க வந்தேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

சைட் ஒரு தண்ணி பம்பிங் ஸ்டேஷன். 3 பம்ப், ஒரு டேங்க் லெவல் டிரான்ஸ்மிட்டர், பேனல்ல பம்புகள ஓட்டுற பிஎல்சி (புரோகிராம் போட்டு ஓட்டுற கண்ட்ரோலர்) சீமென்ஸ் எஸ்7-1200, ஃபர்ம்வேர் வி4. நான் இருக்கிற இடத்துல இருந்து போக 6 மணி நேரம், வர 6 மணி நேரம். ஒரு டைமர் வேல்யூ மாத்தணும்னாலும் ஒரு நாள் முழுசா போயிடுது, அதனால பேனல்ல ஒரு 4ஜி இண்டஸ்ட்ரியல் ரவுட்டர் மாட்டி சிம் போட்டாச்சு.

முதல்ல என்ன பண்ணேன்னா ரவுட்டர்ல சீமென்ஸ் பிஎல்சி பேசுற போர்ட் 102ஐ பிஎல்சி ஐபிக்கு ஃபார்வர்ட் பண்ணி விட்டு வெளிய இருந்து ட்ரை பண்ணேன், ஒண்ணும் வரல. ரவுட்டர் ஸ்டேட்டஸ்ல வேன் ஐபி (வெளிப்பக்க ஐபி) 100.83ன்னு ஆரம்பிக்குது, ஆனா ரவுட்டருக்கு பின்னாடி லேப்டாப்ப சொருகி பிரவுசர்ல நம்ம ஐபி என்னன்னு பார்த்தா சம்பந்தமே இல்லாத வேற நம்பர் காட்டுது. அப்புறம் ஆபீஸ்ல ஸ்டேட்டிக் ஐபி இருக்கே, அங்க ஓப்பன்விபிஎன் (இண்டர்நெட் வழியா தனி டனல் போடுற சாஃப்ட்வேர்) சர்வர் ஏத்தி ரவுட்டர கிளையண்ட்டா கனெக்ட் பண்ண வச்சேன். டனல் வந்துடுச்சு. பிஎல்சிக்கு பிங் போகுது, 60ல இருந்து 90 மில்லிசெகண்ட் வரைக்கும் வருது, ஒண்ணு ரெண்டு தடவை 300 தொடுது. டிஐஏ போர்ட்டல்ல (சீமென்ஸ் பிஎல்சிய புரோகிராம் பண்ற சாஃப்ட்வேர்) கோ ஆன்லைன் குடுத்தா பச்சை வருது, ஒரு சின்ன பிளாக்க மானிட்டர் பண்ணவும் முடியுது.

ஆனா டவுன்லோட் (லேப்டாப்ல இருந்து பிஎல்சிக்கு புரோகிராம் இறக்குறது) குடுத்தா மட்டும் லோட் பிரிவியூ வரைக்கும் வந்து, லோட் அழுத்தினதும் பார் கொஞ்ச தூரம் போய் அப்படியே நின்னுடும். ஒரு நிமிஷம் கழிச்சு கனெக்ஷன் போச்சுன்னு வரும். அப்லோடும் (பிஎல்சில இருந்து புரோகிராம எடுக்கிறது) அதே கதை தான். அதே நேரத்துல இன்னொரு விண்டோல பிங் ஓடிக்கிட்டே தான் இருக்கு, ஒரு பாக்கெட் கூட விடல.

இன்னொரு சந்தேகமும் இருக்கு. டிஐஏல நெட்வொர்க்ல இருக்கிற டிவைஸ தேடுற அக்ஸஸிபிள் டிவைசஸ்ல தேடினா பிஎல்சி வரவே மாட்டேங்குது, ஐபிய கையால அடிச்சா தான் வருது. ஓப்பன்விபிஎன்ல இப்ப இருக்கிற டன் மோட (ஐபி பாக்கெட் மட்டும் கடத்துறது) எடுத்துட்டு டேப் மோட்ல (ரெண்டு பக்கமும் ஒரே நெட்வொர்க் மாதிரி ஆக்குறது) பிரிட்ஜ் பண்ணா எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னார், பண்ணலாமா? இல்ல பப்ளிக் ஸ்டேட்டிக் ஐபி இருக்கிற சிம் கிடைக்குதாம், அதை வாங்கி நேரா கனெக்ட் பண்ணிடலாமா?

இன்னொண்ணு, பக்கத்து பேனல்ல சீரியல் போர்ட் மட்டும் இருக்கிற பழைய பிஎல்சி ஒண்ணு இருக்கு, மாட்பஸ் ஆர்டியு (டிவைஸுங்க சீரியல் லைன்ல பேசிக்கிற முறை), ஆர்எஸ்485 ஒயர். அதையும் இதே ரவுட்டர்ல கொண்டு வர முடிஞ்சா நல்லா இருக்கும்.

லேடர்_லைன்

100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள ஐபி எல்லாம் கேரியர் கிரேட் நேட்டுக்குன்னே ஒதுக்கினது. ஒரே வெளி ஐபிய உங்கள மாதிரி பல பேருக்கு பங்கு போட்டு குடுக்குறாங்க. நீங்க ரவுட்டர்ல ஆயிரம் போர்ட் ஃபார்வர்ட் போட்டாலும் அதுக்கு முன்னாடி கம்பெனிக்காரன் வச்சிருக்கிற நேட்ல கதவு மூடி தான் இருக்கும். உள்ள இருந்து வெளிய போற கனெக்ஷன் மட்டும் தான் நடக்கும், அதனால ரவுட்டர் ஆபீஸுக்கு டயல் பண்ற மாதிரி நீங்க மாத்தினது தான் சரியான வழி.

பப்ளிக் ஐபி சிம் வாங்கி நேரா கனெக்ட் பண்ற யோசனைய தயவுசெஞ்சு இன்னியோட விட்டுடுங்க. முதல் வேலையா அந்த 102 ஃபார்வர்ட் ரூல டெலீட் பண்ணுங்க. இப்ப வேலை செய்யலன்னு அப்படியே விட்டு வச்சா, நாளைக்கு யாராவது சிம்ம மாத்தும்போது அது பப்ளிக் ஐபி சிம்மா இருந்தா அன்னிக்கே பிஎல்சி ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும். ஷோடான் மாதிரி தேடுபொறிங்க இருக்கு, இண்டர்நெட் பூரா போர்ட் போர்ட்டா தட்டி யார் பதில் சொல்றாங்கன்னு எழுதி வச்சுக்கிறது தான் அதுங்களோட வேலையே, பிஎல்சிங்க பேசுற 102, 502, 44818 போர்ட் எல்லாம் அதுல வரும்.

2023 நவம்பர்ல அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல ஆலிக்விப்பான்னு ஒரு ஊரோட தண்ணி வாரியத்துல நடந்தத தேடி படிங்க. அதுவும் உங்கள மாதிரி ஒரு பம்பிங் ஸ்டேஷன் தான். யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி நேரா இண்டர்நெட்ல நின்னுச்சு, திரையில ஹேக்கர்களோட வாசகம் வந்துடுச்சு, ஆளுங்க ஆட்டோவ விட்டுட்டு மேனுவல்ல ஓட்ட வேண்டியதா போச்சு. அப்புறம் அமெரிக்க அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு விட்ட எச்சரிக்கையில முதல்ல சொன்னதே டீஃபால்ட் பாஸ்வேர்டு 1111ஐ மாத்துங்கங்கிறது தான், பிஎல்சிய நேரா இண்டர்நெட்ல வைக்காதீங்க, முடிஞ்சா டீஃபால்ட் போர்ட் 20256ஐ மாத்துங்கன்னும் சொன்னாங்க. மாட்பஸ்ல பாஸ்வேர்டுங்கிற விஷயமே கிடையாது, 1979ல ஒரே ஒயர்ல நாலு டிவைஸ் பேசிக்கிறதுக்காக வந்தது அது, போர்ட்டை தொட முடிஞ்சவன் ரெஜிஸ்டர எழுதலாம்.

டவுன்லோட் ஏன் நிக்குதுன்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு, ஆனா 24வோல்ட் அண்ணா வந்தா சரியா சொல்வார்.

24வோல்ட்

பிங் போகுது, ஆன்லைன் போகுது, டவுன்லோட் நிக்குதுன்னா 10ல 9 தடவை அது எம்டியு (லைன்ல உடைக்காம போகக்கூடிய பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ்) தான். சின்ன பாக்கெட் தாண்டி போகுது, பெரிய பாக்கெட் வழியில செத்துப் போகுது.

நீங்க சும்மா பிங் அடிச்சா விண்டோஸ் 32 பைட் டேட்டா தான் அனுப்பும், அது எந்த சந்துல வேணும்னாலும் போயிடும். ஆன்லைன் போறது, ஒரு சின்ன பிளாக்க பார்க்கறது எல்லாமே சின்ன சின்ன பாக்கெட்டு தான். டவுன்லோட் அழுத்தினதும் டிஐஏ முழு சைஸ் பாக்கெட்ட தள்ள ஆரம்பிக்கும். ஈதர்நெட்ல ஒரு பாக்கெட் 1500 பைட் வரைக்கும் போகலாம். அந்த 1500ஐ ஓப்பன்விபிஎன் எடுத்து உறை போட்டு மேல தன்னோட தலைப்பு, யுடிபி தலைப்பு, ஐபி தலைப்பு எல்லாம் ஒட்டும்போது 1550 தாண்டிடும். 4ஜி லைன்ல பல இடத்துல 1500 கூட முழுசா கிடைக்காது. அதனால அந்த பாக்கெட்ட ரெண்டா உடைச்சு தான் அனுப்பணும், உடைஞ்ச துண்ட வழியில ஏதோ ஒரு நேட்டோ ஃபயர்வாலோ தூக்கி போட்டுடுது. போட்டுட்டேன்னு தகவலும் சொல்றதில்ல. டிஐஏ பதில் வரலன்னு அதே பாக்கெட்ட திருப்பி திருப்பி அனுப்பும், அதுவும் சாகும், கடைசியில கனெக்ஷன் போச்சுன்னு சொல்லும். உங்க பார் நிக்கிற இடம் அது தான்.

யூகமா வேண்டாம், அளந்து பாருங்க. லேப்டாப்ல டனல் ஏத்திட்டு கமாண்ட் பிராம்ப்ட்ல பிங் கூட மைனஸ் எஃப், மைனஸ் எல், அப்புறம் சைஸ் நம்பர் போட்டு அடிங்க. எஃப்னா உடைக்காதன்னு அர்த்தம், எல்னா டேட்டா எத்தனை பைட்டுன்னு அர்த்தம். 1472ல ஆரம்பிங்க, அதோட 28 பைட் தலைப்பு சேர்ந்தா சரியா 1500. வரலன்னா 1400, 1350ன்னு இறங்கி வாங்க, வர ஆரம்பிச்சதும் பத்து பத்தா ஏத்தி எங்க நிக்குதுன்னு பிடிங்க. பிஎல்சிக்கு அடிக்காதீங்க, ரவுட்டரோட லேன் ஐபிக்கு அடிங்க, ஏன்னா சில பிஎல்சி பெரிய பிங்குக்கு பதிலே சொல்லாது, அத நம்பி தப்பு கணக்கு போட்டுடுவீங்க.

டேப் மோட் வேண்டாம். அக்ஸஸிபிள் டிவைசஸ் தேடுறது ப்ராஃபிநெட் DCPங்கிற லேயர் 2 சமாச்சாரம், ஒரே லோக்கல் நெட்வொர்க்குக்குள்ள மட்டும் ஓடுறது, அது ரவுட்டர தாண்டாது. தாண்டாம இருக்கிறது கோளாறு இல்ல, அதோட இயல்பே அது தான். அதுக்காக பிரிட்ஜ் பண்ணீங்கன்னா ரெண்டு பக்க நெட்வொர்க்லயும் ஓடுற ஏஆர்பி, பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் குப்பை எல்லாம் உங்க சிம் டேட்டாவுல ஓடும். ஐபிய கையால அடிக்கிறது 10 செகண்ட் வேலை, அப்படியே இருக்கட்டும்.

ஸ்டார்_டெல்டா

இது சம்பந்தமா ஒண்ணு சேர்த்துக்கிறேன், பின்னாடி படிக்கிறவங்களுக்கு உதவும். பம்ப்ஹவுஸுக்கு பிங் வந்துடுச்சு, ஆனா ரவுட்டர் வரைக்கும் பிங் வந்து பிஎல்சிக்கு மட்டும் வரலன்னா பிஎல்சில கேட்வே போட்டிருக்கான்னு பாருங்க. பாதி சைட்ல மெஷின் பில்டர் கேட்வே கட்டத்த காலியா விட்டிருப்பாங்க, உங்க பாக்கெட் பிஎல்சிக்கு போய் சேரும், பதில எந்த பக்கம் அனுப்பறதுன்னு அதுக்கு தெரியாது. கேட்வே மாத்த ஹார்ட்வேர் கான்ஃபிகரேஷன் டவுன்லோட் பண்ணணும், அதுக்கு சிபியு ஸ்டாப் போகும். மெஷின நிறுத்த முடியலன்னா ரவுட்டர்ல லேன் பக்கம் மாஸ்கரேட் போட்டுடுங்க, பிஎல்சிக்கு நீங்க பக்கத்து ரவுட்டர் மாதிரியே தெரிவீங்க, கேட்வேயே தேவைப்படாது.

ரெண்டு பக்கமும் 192.168.0 வச்சிருந்தாலும் இதே தலைவலி தான். பேனல் போடும்போதே சைட்டுக்கு ஒரு சப்நெட்னு தனித்தனியா குடுத்துட்டா பின்னாடி நிம்மதி.

பம்ப்ஹவுஸ்_3

24வோல்ட் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே இருக்கு! 1472 அடிச்சேன், டைம் அவுட். 1400 டைம் அவுட். 1350 வந்துச்சு. 1360 வந்துச்சு. 1370 வரல. நாலஞ்சு தடவை மாத்தி மாத்தி அடிச்சு பார்த்தேன், 1360க்கு மேல ஒண்ணு கூட வரல, அதுக்கு கீழ ஒண்ணு கூட விடல, கத்தி வச்சு வெட்டின மாதிரி இருக்கு. உடைக்கணும்னு எர்ரர் எதுவும் காட்டல, வெறும் டைம் அவுட் மட்டும் தான், அதனால தான் இத்தன நாளா எனக்கு தோணவே இல்ல போல. சிக்னல் வீக்குன்னு நெனச்சு ஆண்டெனாவ மாத்தி மாத்தி வச்சு ரெண்டு நாள் போச்சு. 102 ரூலையும் எடுத்தாச்சு லேடர்_லைன் ப்ரோ.

இப்ப எத எங்க மாத்தணும்?

24வோல்ட்

1360 கூட 28 சேர்த்தா 1388, அதுக்கு மேல ஓப்பன்விபிஎன் உறை ஒரு 52 பைட் பக்கம் வரும், மொத்தம் 1440. அந்த 4ஜி லைன் 1440 வரைக்கும் தான் விடுதுன்னு அர்த்தம். அடிக்கடி பார்க்கிற நம்பர் தான் இது.

ஓப்பன்விபிஎன் கான்ஃபிக்ல எம்எஸ்எஸ்ஃபிக்ஸ்னு ஒரு வரி போட்டு 1300 குடுங்க, சர்வர்லயும் ரவுட்டர் கிளையண்ட்லயும் ரெண்டு பக்கமும் போடுங்க. டிசிபி கனெக்ஷன் ஆரம்பிக்கும்போதே ரெண்டு முனைகிட்டயும் இதுக்கு மேல பெரிய பாக்கெட் அனுப்பாதீங்கன்னு சொல்லி வச்சிடும். 1380 குடுத்தா இன்னும் கொஞ்சம் வேகம்னு கணக்கு பார்க்காதீங்க, நாளைக்கு டவர் மாறும், சிம் மாறும், அப்ப திரும்ப இதே இடத்துல வந்து நிப்பீங்க. வயர்கார்ட் யூஸ் பண்றவங்களும் கவனிங்க, அது வழக்கமா 1420 எம்டியு வச்சுக்கும், 4ஜில அது கூட சில நேரம் அதிகம், 1300க்கு இறக்கிடுங்க.

ரவுட்டர்ல பிங் வாட்ச்டாக் (பிங் வரலன்னா ரவுட்டர தானா ரீபூட் பண்றது) இருக்கான்னு பாருங்க. இருக்கணும், ஏன்னா மோடம் மாசத்துக்கு ஒரு தடவையாவது நெட்வொர்க்ல ரிஜிஸ்டர் ஆகாம தொங்கும், 6 மணி நேரம் போய் ஸ்விட்ச ஆஃப் பண்ணி ஆன் பண்றதெல்லாம் கொடுமை. ஆனா ஒரு பிங் விட்டதும் ரீபூட்டுன்னு வைக்காதீங்க, டவுன்லோட் நடக்கும்போது லைன் நிறைஞ்சு பிங் விட்டா ரவுட்டர் தானே ரீபூட் ஆகி உங்க காலை வாரி விட்டுடும். 5 நிமிஷ இடைவெளியில 3 தடவை விட்டா தான் ரீபூட்டுன்னு வைங்க.

ரவுட்டர்ல என்டிபியும் (நெட்ல இருந்து நேரத்த சரி பண்ணிக்கிறது) கட்டாயம் ஆன் பண்ணுங்க. விலை குறைஞ்ச ரவுட்டர் பலதுல கடிகார பேட்டரி கிடையாது, கரண்ட் போய் வந்தா தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், சர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடி ஆகலன்னு டனல் ஏறாம நிக்கும். இதுக்கு ரெண்டு சைட்டுக்கு நேர்ல போயிருக்கேன், போய் பார்த்தா எல்லா லைட்டும் பச்சையா எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.

காண்டாக்டர்

தம்பி, நெட்வொர்க் விஷயம் எல்லாம் இவங்க அருமையா சொல்லிட்டாங்க, அதுல நான் சேர்க்க ஒண்ணும் இல்ல. டவுன்லோட் வேலை செய்ய ஆரம்பிச்சதும் என்ன பண்ணப் போறீங்கங்கிறது தான் எனக்கு கவலை.

நான் ஒரு சம்பவம் சொல்றேன். சில வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு தண்ணி சைட், இதே 1200 தான். ஒரு டேட்டா பிளாக்ல ஒரே ஒரு ரியல் டேக் (தசம நம்பர் வைக்கிற இடம்) சேர்க்கணும், புது ஃப்ளோ மீட்டருக்கு. ஆபீஸ்ல உக்காந்து சேர்த்தேன், கம்பைல் பண்ணேன், டவுன்லோட் குடுத்தேன். பிரிவியூல அந்த பிளாக் ரீஇனிஷியலைஸ் ஆகும்னு ஒரு வரி இருந்திருக்கு, நான் படிக்காம டிக் அடிச்சுட்டேன். அந்த பிளாக்ல தான் ஆபரேட்டர் திரையில போட்டு வச்ச லெவல் செட்பாயிண்ட் எல்லாம் இருந்துச்சு. ஸ்ட்ரக்சர் மாறினதால எல்லாம் ஸ்டார்ட் வேல்யூவுக்கு போயிடுச்சு, ஸ்டார்ட் வேல்யூல யாரும் எதுவும் போடல, சைபர் தான். பம்ப நிறுத்துற லோ லெவல் செட்பாயிண்ட் 0. டேங்க் காலியானாலும் பம்ப் நிக்காது. நான் இங்க எல்லாம் பச்சையா இருக்குன்னு திருப்தியா டிஐஏவ மூடிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழிச்சு அங்க இருந்த ஆபரேட்டர் போன் பண்ணி பம்ப் சத்தம் மாறுது சார்னு சொன்னார். அவர் காது தான் அந்த பம்ப காப்பாத்துச்சு, அன்னிக்கு லீவுல இருந்திருந்தா மெக்கானிக்கல் சீல் போயிருக்கும்.

அதுல இருந்து என்னோட வழக்கம் என்னன்னா, பேனல் முன்னாடி ஒரு ஆள் நிக்காம, அவர் என்கிட்ட போன்ல லைன்ல இல்லாம, தூரத்துல இருந்து ஒரு பிட் கூட எழுத மாட்டேன். பார்க்கலாம், எத்தன மணி நேரம் வேணும்னாலும் பார்க்கலாம். எழுதறதுன்னா ஆள் வேணும். அவருக்கு புரோகிராம் தெரிய வேண்டியதில்ல, செலக்டர் ஸ்விட்ச மேனுவலுக்கு திருப்ப தெரியணும், எமர்ஜென்சி ஸ்டாப் எங்க இருக்குன்னு தெரியணும், கண்ணால பார்த்தத வாயால சொல்லத் தெரியணும், அவ்வளவு தான். நமக்கு திரையில பம்ப் 2 ரன்னிங்னு மட்டும் தான் தெரியும். பம்ப் 2 மேல யாராவது கை வச்சுக்கிட்டு பேரிங்குக்கு கிரீஸ் அடிச்சுக்கிட்டு இருக்காங்களான்னு தெரியாது. ஃபோர்ஸ் பண்றதெல்லாம் (புரோகிராம மீறி இன்புட், அவுட்புட்ட கட்டாயமா மாத்துறது) தூரத்துல இருந்து நினைச்சே பார்க்காதீங்க.

ரெண்டாவது, முழு புரோகிராம 4ஜி வழியா தள்ளாதீங்க. பேனல்ல ஒரு சின்ன ஃபேன் இல்லாத பிசி வைங்க, டிஐஏவ அதுல ஏத்துங்க, விபிஎன்ல போய் ரிமோட் டெஸ்க்டாப்ல அந்த பிசிய திறந்து அதுல இருந்து டவுன்லோட் பண்ணுங்க. பிசிக்கும் பிஎல்சிக்கும் நடுவுல அரை மீட்டர் கேபிள் தான். 4ஜி அறுந்தா உங்க திரை மட்டும் தான் போகும், டவுன்லோட் அங்க தானா முடிஞ்சிடும், திரும்ப கனெக்ட் ஆகி பார்த்தா விட்ட இடத்துல திரை இருக்கும். டவுன்லோட் ஆரம்பிக்கும்போதே பழைய புரோகிராம அழிச்சிடற பிஎல்சிங்க உண்டு, அதுல 40 சதவீதத்துல லைன் அறுந்தா உள்ள ஒண்ணுமே இல்லாத சிபியு தான் மிச்சம், அப்புறம் நீங்க அந்த 6 மணி நேரம் போய் தான் ஆகணும், அது வரைக்கும் தண்ணி இல்ல.

லேடர்_லைன்

காண்டாக்டர் ஐயா சொன்ன ஆள் விஷயத்துல மறுபேச்சே இல்ல. பிசி விஷயத்துல மட்டும் எனக்கு கொஞ்சம் வேற கருத்து. அந்த பிசிக்கு விண்டோஸ் அப்டேட், டிஐஏ லைசென்ஸ், வெர்ஷன் மாத்தினா அங்கயும் மாத்தணும், பேனல் உள்ள 50 டிகிரி சூடு, ஒரு நாள் எஸ்எஸ்டி போயிடும். ரெண்டு வருஷம் யாரும் தொடாத ஒரு விண்டோஸ் மெஷின் கண்ட்ரோல் நெட்வொர்க்ல உக்காந்திருக்கிறதே ஒரு ஓட்டை தான். சின்ன மாத்தம், ரெண்டு மூணு பிளாக் சாஃப்ட்வேர் மட்டும்னா எம்டியு சரி பண்ண விபிஎன் வழியா நான் தாராளமா பண்ணிக்கிட்டு தான் இருக்கேன். 1200 வி4ல ரன்ல இருக்கும்போதே ஒரு தடவைக்கு 20 பிளாக் வரைக்கும் இறக்கலாம், அந்த அளவுக்கு 4ஜி தாங்குது.

காண்டாக்டர்

நீங்க சொல்றதும் நியாயம் தான். அதுக்கு நான் பண்றது, அந்த பிசிக்கு போற 24 வோல்ட ரவுட்டரோட டிஜிட்டல் அவுட்புட்ல ஒரு ரிலே வச்சு எடுத்திருக்கேன். வேலை இருக்கும்போது ரவுட்டர் பக்கத்துல போய் ஆன் பண்ணுவேன், முடிஞ்சதும் பிசிய ஷட்டவுன் பண்ணிட்டு ஆஃப். மத்த நாள்ல அது கரண்டே இல்லாம தூங்கும், சூடும் இல்ல, யாரும் உள்ள வரவும் முடியாது. டிஜிட்டல் அவுட்புட் தாங்குற கரண்ட் ரொம்ப கம்மி, அதனால ரிலே இல்லாம நேரா குடுக்காதீங்க. ஹார்ட்வேர் கான்ஃபிகரேஷன், முழு டவுன்லோட் இதுக்கெல்லாம் பிசி, மத்தபடி நீங்க சொன்ன மாதிரி விபிஎன்லயே. பிஎல்சியோட ஐபிய மாத்துறதும் ஃபர்ம்வேர் ஏத்துறதும் ரெண்டு வழியிலயும் வேண்டாம், அதுக்கு நேர்ல தான் போகணும்.

ஆர்எஸ்485_ரமணா

அந்த பழைய சீரியல் பிஎல்சிய பத்தி யாரும் சொல்லலயே, நான் சொல்றேன், ஏன்னா என் வேலையே பெரும்பாலும் இந்த பழசுங்க கூட தான்.

ரவுட்டர்ல ஆர்எஸ்485 போர்ட் இருந்தா அதுல, இல்லன்னா ஒரு சீரியல் சர்வர் டப்பா வாங்கி மாட்டி, லேப்டாப்ல வர்ச்சுவல் காம் போர்ட் போட்டு பழைய சாஃப்ட்வேர்கிட்ட இது தான் காம் 3ன்னு நம்ப வைக்கலாம். ஆனா ஆர்டியுல ஒரு சிக்கல் இருக்கு. ஒரு மெசேஜ் முடிஞ்சுதுன்னு அது எப்படி கண்டுபிடிக்கும்னா, லைன் மூணரை எழுத்து நேரம் அமைதியா இருந்தா முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும். 9600 பாட்ல (செகண்டுக்கு 9600 பிட்) ஒரு எழுத்து 11 பிட், அப்ப மூணரை எழுத்துங்கிறது வெறும் 4 மில்லிசெகண்ட். 4ஜில ரெண்டு பாக்கெட்டுக்கு நடுவுல 80 மில்லிசெகண்ட் சாதாரணமா வரும். ஒரே மெசேஜ் ரெண்டு பாக்கெட்டா பிரிஞ்சு போச்சுன்னா பாதி மெசேஜ் வந்ததும் பிஎல்சி முடிஞ்சுதுன்னு நெனச்சு சிஆர்சி (பிழை இருக்கான்னு சரிபார்க்கிற நம்பர்) தப்புன்னு தூக்கி போட்டுடும். ஒரு தடவை வரும், ஒரு தடவை வராது, ஒயர் லூஸுன்னு தோணும், டெர்மினேஷன் ரெசிஸ்டர்ன்னு தோணும், எல்லாத்தையும் கழட்டி மாட்டி பார்ப்பீங்க.

அதனால டேட்டா மட்டும் வேணும்னா ரவுட்டர மாட்பஸ் டிசிபி கேட்வே மோட்ல வைங்க, வெறும் சீரியல் டனல் மோட் வேண்டாம். கேட்வே மோட்ல முழு மெசேஜும் வந்து சேர்ந்த பிறகு தான் ரவுட்டர் தானே ஆர்டியுவா மாத்தி ஒரே மூச்சுல அனுப்பும், அந்த 4 மில்லிசெகண்ட் கணக்கு பேனலுக்கு உள்ளயே முடிஞ்சிடும். உங்க பக்கம் ரெஸ்பான்ஸ் டைம் அவுட்ட 3 செகண்ட் வைங்க.

புரோகிராம் பண்றதுன்னா வேற கதை, அந்த பழைய சாஃப்ட்வேர் பலதுல டைம் அவுட் மாத்தவே விட மாட்டாங்க, பக்கத்துல கேபிள் போட்டு உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சு எழுதினது அது. அதுக்கு காண்டாக்டர் ஐயா சொன்ன பிசி தான் வழி, அந்த பிசில ஒரு யுஎஸ்பி டு ஆர்எஸ்485 சொருகிட்டா உங்க ரெண்டு பேனலுக்கும் ஒரே பிசி போதும்.

24வோல்ட்

ரமணா சொன்னது நூத்துக்கு நூறு. ஒண்ணு விட்டுப் போச்சு, ஆன்லைன்ல போட்டுட்டு அப்படியே வீட்டுக்கு போயிடாதீங்க. மானிட்டர் விண்டோ திறந்திருக்கிற வரைக்கும் வேல்யூ வந்துக்கிட்டே இருக்கும், செகண்டுக்கு 8 கிலோபைட்னு வச்சாலும் ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட், ஒரு நாள் முழுக்க விட்டா 690 மெகாபைட். மெஷின் சிம் பிளான் பலது மாசத்துக்கே அவ்வளவு இருக்காது, டேட்டா தீர்ந்தா டனலும் போச்சு, அடுத்த மாசம் வரைக்கும் சைட்டே கண்ணுக்கு தெரியாது.

ஆண்டெனா பத்தி சொன்னீங்களே, இரும்பு பேனலுக்கு உள்ள வச்சிருந்தா வெளிய எடுங்க, பெட்டியே சிக்னல மறைக்கும். ரெண்டு சாக்கெட் இருந்தா ரெண்டுலயும் ஆண்டெனா போடுங்க. கேபிள் நீளத்த குறைங்க, மெல்லிசு ஆர்ஜி58 கேபிள் 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும், 10 மீட்டர் இழுத்தீங்கன்னா ஆண்டெனா குடுத்தத கேபிள் வாங்கிடும். சிக்னல் கட்ட எத்தனன்னு பார்க்காம ஆர்எஸ்ஆர்பி (4ஜி சிக்னல் பலத்த டிபிஎம்ல காட்டுற நம்பர்) பாருங்க, மைனஸ் 90க்கு மேல இருந்தா சந்தோஷம், மைனஸ் 110ன்னா டவுன்லோட் பத்தி யோசிக்க வேண்டாம்.

பம்ப்ஹவுஸ்_3

எம்எஸ்எஸ்ஃபிக்ஸ் 1300 ரெண்டு பக்கமும் போட்டேன். முதல்ல அப்லோட் ட்ரை பண்ணேன், எழுதறதுக்கு பயமா இருந்துச்சு. முழு புரோகிராமும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்துடுச்சு, ரெண்டு வாரமா நின்ன இடத்துல நிக்கவே இல்ல. ஆபீஸ்ல எழுந்து நின்னுட்டேன், பக்கத்துல இருந்தவங்க என்னாச்சுன்னு கேட்டாங்க.

காண்டாக்டர் ஐயா, நீங்க எழுதினத படிச்சுட்டு உடனே என் புரோகிராம போய் பார்த்தேன். என்னோட செட்பாயிண்ட் டேட்டா பிளாக்லயும் ஸ்டார்ட் வேல்யூ பூரா 0 தான். அப்லோட் பண்ணதுல இருந்து இப்ப ஓடுற வேல்யூவ எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ஆபரேட்டருக்கும் போட்டோ அனுப்பி வச்சிருக்கேன். செட்பாயிண்ட்ட தனி பிளாக்கா பிரிக்கப் போறேன், ஸ்டார்ட் வேல்யூல சரியான நம்பர் போடப் போறேன், லோ லெவல் 0ன்னு வந்தா பம்ப் ஸ்டார்ட்டே ஆகாத மாதிரி ஒரு கண்டிஷனும் சேர்க்கப் போறேன். ஆனா இத இங்க இருந்து பண்ணப் போறதில்ல. வர்ற செவ்வாய்க்கிழமை சைட்டுக்கு போறேன், ஆண்டெனாவ பேனலுக்கு வெளிய எடுக்கணும், ரமணா ப்ரோ சொன்ன கேட்வே மோட் செட் பண்ணணும், பிசிக்கு ரிலே மாட்ட டின் ரெயில்ல இடம் இருக்கான்னு அளக்கணும். அங்க ஷிஃப்ட்ல இருக்கிற ரெண்டு ஆபரேட்டர்கிட்டயும் உக்காந்து நான் போன்ல கூப்பிட்டா எந்த ஸ்விட்ச எந்த பக்கம் திருப்பணும்னு ஒரு தடவை செஞ்சு காட்டிட்டு வர்றேன்.

போயிட்டு வந்து ஆர்எஸ்ஆர்பி நம்பர் போடுறேன் அண்ணா, இப்ப மைனஸ் 104 காட்டுது.

24வோல்ட்

போடுங்க. ஆண்டெனாவ வெளிய எடுத்ததும் அந்த 1360 டெஸ்ட்டையும் இன்னொரு தடவை அடிச்சு பாருங்க, வேற டவர பிடிச்சா நம்பர் மாற வாய்ப்பு இருக்கு.